மாசம் நாலு நாள், கவுன்ட்டருக்குப் பின்னால்

நாட்டு மருந்துக் கடையில் வேலை செய்கிறவளுக்கு வயிற்று வலி வந்தால் லீவு கிடைக்காது, ஒரு டம்ளர் கஷாயம்தான் கிடைக்கும். தொண்ணூறுகளில் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அப்படி ஒரு கடையில் சேர்ந்து, பதினோரு வருஷம் பொட்டலம் மடித்தேன். மாசம் நாலு நாள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே மடித்தேன். உங்களில் யாராவது அப்படி வேலைக்குப் போயிருந்தால், எந்த வலி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் வாக்குமூலம்

சேர்ந்த புதிதில் ஒரு அம்மா அசோகப்பட்டைப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, “மாசாமாசம் வர்ற வலிக்கு இது கேக்குமா?” என்று இழுத்தார். அன்று எனக்கு இரண்டாம் நாள். கவுன்ட்டரைப் பிடித்துக் குனிந்தபடியே, “நானும் இதைத்தான் சாப்பிடறேன்க்கா” என்றேன். நிஜம்தான், சாப்பிட்டேன். அந்த அம்மா இரண்டு பாக்கெட் வாங்கிப் போனார்.

முதலாளிக்கு ஏக சந்தோஷம். இனிமேல் எல்லாரிடமும் அதையே சொல்லச் சொன்னார். கூடவே ஒரு புத்திமதி: “ஆனா குனியாம நில்லு ரோசி, மருந்து மேல நம்பிக்கை போயிடும்.”

விளக்கெண்ணெய்

பொடி ஒன்றும் செய்யவில்லை. மலைவேம்புச் சாறு குடித்தேன், வாந்திதான் மிச்சம். விளக்கெண்ணெயைச் சுடவைத்து, துணியில் நனைத்து அடிவயிற்றில் போட்டேன். அது ஒன்றுதான் கொஞ்சம் சுகமாக இருந்தது. அதனால் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனேன். தோல் பொசுங்கியதுகூடத் தெரியவில்லை, உள்ளே வலி அவ்வளவு.

பின்கட்டில் மருந்து இடிக்கும் பாக்கியம் ஒருநாள் என் புடவை விலகியதில் பார்த்துவிட்டாள். “அடிப்பாவி, வயித்துல என்னடி, தோசைக்கல்லையா வெச்சே?”

என் பையன்

அப்போது கல்யாணமாகி ஏழு வருஷம், எனக்குப் பிள்ளையில்லை. ஒரு கன்னடத்துப் பொண்ணு பொடி வாங்க வந்தாள், அவளுக்கும் இதே வலி, இதே ஏக்கம். தமிழ் நன்றாகப் பேசுவாள். “உனக்கு எத்தனை பிள்ளைங்க?” என்றாள். முதலாளி பக்கத்திலேயே நின்றார். “ஒரு பையன், ஸ்கூல் போறான்” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

மூன்று மாசம் கழித்து ஓடி வந்தாள். என் கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்தாள். “நாள் தள்ளிப் போயிருக்கு ரோசிக்கா! இது உன் பையனுக்கு.”

அன்று பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவள்மேல் பொறாமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வயிற்றைத் திறந்தபோது

பத்தாவது வருஷம் கடையிலேயே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டியது மாதிரியான சதை வெளியே வளர்ந்து, குடலோடு ஒட்டியிருந்ததாம். ஒரு சினைப்பையை எடுத்துவிட்டார்கள். நானும் முன்னாலேயே போயிருக்கலாம். கவுன்ட்டரில் ஊருக்கெல்லாம் சொன்னதை நானே நம்பித் தொலைத்தேன்.

என் வைத்தியங்களையெல்லாம் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன். அவர் திட்டவில்லை. “சூடு வெச்சா வலி கொஞ்சம் அடங்கும்மா, அது சரி. ஆனா ஒட்டினது பிரியாதே.”

வேண்டாம் என்றேன்

திரும்ப வேலையில் சேர்ந்த வாரமே ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பொண்ணுக்குப் பதினாறு வயசிருக்கும். மாசாமாசம் வகுப்பில் சுருண்டு விழுகிறாளாம். அசோகப்பட்டைப் பொடி கேட்டார்கள். நான் பொட்டலம் மடிக்கவில்லை. “இது வேணாம்க்கா. முதல்ல லேடி டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் பத்து வருஷம் ஏமாந்தேன்” என்றேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே எடுத்து மடித்துக் கொடுத்தார்.

அந்தப் பொண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அம்மாக்காரி பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டே சிரித்தாள். “என் தங்கச்சி உன் பேச்சக் கேட்டுத்தான் மூணு வருஷமா இதைக் குடிக்கிறா. இப்ப மட்டும் என்னம்மா புதுசா?”

வலியோடு நின்று மருந்து விற்கத் தெரிந்த எனக்கு, மருந்து வேண்டாம் என்கிற ஒரு வார்த்தையை மட்டும் விற்கத் தெரியவில்லை.