ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி ஆட்டம்

வில்லியனூர் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே மரிய செலினுக்கு ஒரு டிடிபி கடை. வயது முப்பத்தொன்பது. பட்டா மாற்ற மனு, பென்ஷன் மனு, தொலைந்த ரேஷன் கார்டுக்கு மனு என்று ஊருக்கெல்லாம் கெஞ்சிக் கெஞ்சி எழுதித் தருகிறவள். தனக்காக மட்டும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அப்படியொரு பிடிவாதம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாகத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதே கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வழியாகத் துப்பாக்கி ஆட்டம் ஆடுவாள். கூட ஆடுகிறவன் பிரான்சில் இருக்கும் தம்பி அமல்தாஸ். அப்பா அமிர்தசாமியின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. அன்றோடு போன் பேச்சு நின்றது. ஆட்டம் எப்படியோ நிற்கவில்லை. "லெஃப்ட்ல பாருக்கா", "குண்டு வச்சிருக்கியாடா" - மூன்று வருஷமாக அக்கா தம்பி உறவு இவ்வளவுதான். போகட்டும், அதுவாவது இருந்தது.

போன மாதம் ஆட்டத்தை நடத்தும் கம்பெனிக்காரர்கள் ஒரு கட்டளை போட்டார்கள். ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் காவல் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் இனி உள்ளே விடுவார்களாம். கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வரும் மண்ணாடிப்பட்டு எழிலரசன் தலையில் அடித்துக்கொண்டான்.

"வேணாம்க்கா. மெஷின் ஆன் ஆவும்போதே அதுவும் முழிச்சிக்கும். இன்னா ஃபைல் இருக்குது, இன்னா தட்டுற, எல்லாத்தையும் பாக்க முடியும். ஊர் ஆதார் பூரா உங்கிட்டதான் கெடக்குது. வூட்டுச் சாவியத் தூக்கிக் குடுப்பியா?"

தம்பியோ மைக்கில் கத்தினான். "ஏமாத்துறவனுங்களால ஆட்டமே நாசமாப் போச்சு. தப்பு பண்ணாதவங்களுக்கு இன்னா பயம்? போடுக்கா."

இரண்டு நாள் உட்கார்ந்து ஊராரின் ஆதார் நகல்களையும் பத்திரங்களையும் பென்டிரைவுக்கு மாற்றி, கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு அதை ஏற்றினாள். இவ்வளவு யோசித்தவள் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை மறந்தாள். சோறு போடும் சாமான் அல்லவா, அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். தமிழில் அடிக்க அவள் ஒரு விசையைத் தட்டினால் அது பிடித்துக்கொண்டு வேறு எழுத்துகளாக மாற்றி அனுப்பும். ஏமாற்றுக் கருவிகளும் இப்படித்தான் ஆடுகிறவனின் கைக்குப் பதிலாகத் தாங்களே விசைகளை அனுப்பும்.

அந்த ஞாயிறு அமல்தாஸின் மைக் வேலை செய்யவில்லை. "mic pochu ka" என்று எழுதினான். எல்லோரையும் போல அவளும் இங்கிலீஷ் எழுத்திலேயே பதில் போட்டிருக்கலாம். பத்தொன்பது வருஷம் மனு அடித்த கை, கேட்கவில்லை. வாயால் கேட்க மூன்று வருஷமாகக் கூசியதையும் அந்தக் கைதான் கேட்டது.

"சாப்பிட்டியா அமலு?"

அனுப்பினாள். திரை கறுத்தது. மனிதக் கை தட்டாத எழுத்துகள் வந்திருக்கின்றன, ஏமாற்றுக் கருவி பயன்படுத்தப்பட்டிருக்கிறது, நிரந்தரத் தடை என்று இங்கிலீஷில் ஓர் அறிவிப்பு வந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்காக, அந்தக் கம்பெனிக்கு, ஒரு மனு எழுதினாள். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினாள். பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை என்று இரண்டே நிமிஷத்தில் பதில். எந்த மனுஷன் இரண்டு நிமிஷத்தில் அதைப் படித்தான்?

இருட்டுகிற நேரத்தில் தம்பியிடமிருந்து போனில் செய்தி வந்தது. மூன்று வருஷத்தில் முதல் செய்தி.

"ஏமாத்தி ஆடுனியாக்கா? உங்கூட ஆடுனதுக்கு என் பாயின்ட்டையும் புடுங்கிட்டாங்க."

"இல்லடா. சாப்பிட்டியான்னு தமிழ்ல அடிச்சேன். அதுக்குத்தான்."

"மாட்டுனவங்க எல்லாரும் ஏதாவது ஒரு கதை சொல்றாங்கக்கா."

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள்.

திங்கட்கிழமை காசம்மாள் பென்ஷன் மனுவுக்கு வந்தார். நான்காவது மனு. முதல் மூன்றுக்கும் பதில் இல்லை.

"இதயாச்சும் படிப்பாங்களா செலினு?"

செலின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படிப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டத் தொடங்கினாள்.