லூர்து மேரியின் இடது கண்

கணவன் மிக்கேல்ராஜ் இறந்த அடுத்த மழைக்காலத்தில் லூர்து மேரியின் இடது கண்ணில் நீர் வடியத் தொடங்கியது. அவள் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் பைகளுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. பிள்ளைகள் இல்லை. துறைமுகத்தில் மூட்டை அடுக்கு சரிந்து கணவன் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில்.

அந்த வரிசை வீடுகளில் எல்லோரும் அதை அழுகை என்றே எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து அறைப் பார்வதியம்மாள் சாயங்காலமானால் வந்து உட்காருவாள்.

“போனவுக திரும்பியா வரப் போறாவ? அழாத மேரி.”

“நான் அழலக்கா. அது பாட்டுக்கு வடியுது.”

“எனக்குத் தெரியாதாக்கும்!”

கொஞ்ச நாளில் மேரி மறுப்பதை விட்டுவிட்டாள். அழவில்லை என்று நம்பிவிட்டால் பார்வதியம்மாள் வராமல் போய்விடுவாளோ என்று பயம். உண்மையில் அவள் மிக்கேல்ராஜுக்காக அழவே இல்லை. அவன் கெட்டவனில்லை. வேலை முடிந்து வருவான், சாப்பிடுவான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவன் போனதில் தனக்கு என்ன குறைந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. கண்ணில் பீளை கட்டியது. காலையில் இமை ஒட்டிக்கொண்டது. ஒருநாள் மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே சுண்டைக்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்து, விண்விண்ணென்று தெறித்தது. காய்ச்சலோடுதான் பட்டறைக்குப் போனாள். முதலாளி மன்சூர் அலி அவள் முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தச் சொன்னார்.

“இது அழுது வீங்குன கண்ணு இல்லம்மா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வேலையைப் பொறவு பாத்துக்கிடலாம்.”

முனிசிபல் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் மாட்டுங்காவில் குடியிருந்த தமிழர். தமிழைக் கேட்டதுமே மேரிக்குப் பாதி வலி குறைந்தது.

“ஒரு கண்ணுல மட்டுந்தான் வடியறதா?”

“ஆமாய்யா. எல்லாரும் துக்கம்னு சொல்லுதாவ.”

“துக்கத்துக்கு ஒரு கண்ணு போறுமா? இதோ பாரும்மா, இமை ஓரத்துல, மூக்குப் பக்கமா, சின்னதா ஒரு துவாரம் இருக்கு. கண்ணுல ஊர்ற தண்ணி அது வழியா ஒரு பைக்குள்ள போய், அங்கேருந்து மூக்குக்குள்ள இறங்கிடும். அழறச்சே மூக்கும் சேர்ந்து ஒழுகறதே, அதனாலதான். உனக்கு அந்தப் பைக்குக் கீழே அடைச்சுண்டிருக்கு. தேங்கின தண்ணி சீழ் பிடிச்சுடுத்து. நீயா அமுக்காதே.”

பென்சிலின் ஊசியில் வீக்கம் வற்றியது. பிறகு முனை மழுங்கிய ஊசியைக் கீழ் இமை ஓரத்துத் துவாரத்தில் வைத்து மெல்ல உப்புத் தண்ணீரைச் செலுத்தினார்.

“தொண்டையில உப்புக் கரிக்கறதா?”

“இல்லையே.”

போன தண்ணீர் மேல் இமையிலும் இருந்த அதேபோன்ற துவாரம் வழியாகத் திரும்பி வந்து கன்னத்தில் வழிந்தது. வழி அடியோடு அடைபட்டிருந்தது. மூக்கெலும்பில் சின்னதாகத் துளை போட்டு, அந்தப் பையை நேராக மூக்குக்குள் திறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கு மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். வலியில்லை. ஆனால் எலும்பைத் தட்டும் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டது. ஜெபமாலை சொல்லப் பார்த்தாள். வார்த்தை நினைவுக்கு வரவில்லை.

வார்டில் பார்வையாளர் நேரத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு ஜனம் நெரிந்தது. பக்கத்துக் கட்டில் மராத்திக் கிழவியைச் சுற்றி மருமகள்கள் நின்றார்கள். மேரி வாசலையே பார்த்தாள். அன்றும் யாரும் வரவில்லை. மறுநாளும் மணியடித்து எல்லோரும் கலைந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. வலது கண்ணின் நீர் கன்னத்தில் வழிந்தது. கட்டுப்போட்ட கண்ணின் நீர் எங்கே போயிற்றென்று யோசிப்பதற்குள் தொண்டை உப்புக் கரித்தது. காலையில் அதைச் சொன்னபோது டாக்டர் சிரித்தார்.

“வழி திறந்துடுத்து. இனிமே கவலையில்லை. மூக்கை மட்டும் கொஞ்ச நாளைக்குப் பலமாச் சிந்தாதே.”

தையல் பிரித்து வீடு திரும்பினாள். கண் காய்ந்திருந்தது. பார்வதியம்மாள் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“வீட்டுல பிள்ளையளுக்கு அம்மை. அதான் வர முடியல. எப்படியோ மனசு தேறிட்ட, அது போதும்.”

தேறியவளுக்கு ஆறுதல் எதற்கு? பார்வதியம்மாள் வருவது வாரம் ஒருமுறையாகி, பிறகு நின்றது. மேரி விளக்கேற்றி, கஞ்சி குடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தவள், தன் கதவைத் திறக்காமல் பக்கத்து அறைக்குப் போனாள். பார்வதியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி, மறுபடியும் கண்ணா?”

“இல்லக்கா. சும்மாதான் வந்தேன்.” உட்கார்ந்து, முறத்தில் கிடந்த அரிசியைப் பார்த்தபடி சொன்னாள்: “அவுகளுக்காக நான் ஒருநாளும் அழலக்கா. நீங்க நெனச்சது அத்தனையும் இந்தச் சீக்குதான்.”

பார்வதியம்மாளின் கை நின்றது. திட்டுவாள் என்று மேரி எதிர்பார்த்தாள்.

“அப்ப இத்தன நாளும் எதுக்குட்டி என்னைய இருத்தி வச்ச?”

“நீங்க வருவியள்ளா, அதுக்குத்தான்.”

பார்வதியம்மாள் முறத்தைச் சற்று நகர்த்தி இருவருக்கும் நடுவே வைத்தாள். மேரியும் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

அந்த வருஷக் கடைசியில் பார்வதியம்மாளின் புருஷனுக்குப் புறநகரான விக்ரோலியில் கம்பெனி வீடு கிடைத்தது. மேரி ஸ்டேஷன்வரை மூட்டை சுமந்து போனாள். ரயில் போன பிறகும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். பிறகு முந்தானையால் இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள்.