கையெழுத்துக்கு முன்னால் ஒரு ஃபோர்

ஆங்கிலத்தில் ‘ஃபோர்’ என்றொரு சின்னச் சொல் இருக்கிறது. ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அதைப் படிப்பித்து வருகிறேன். ஆறாம் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுப்பது சுகம். இந்தப் பழம் உனக்கு, ஃபோர் யூ. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறேன், அதற்கும் ஃபோர். இரண்டு மணித்தியாலமாக நிற்கிறேன், அதற்கும் ஃபோர்தான். எங்கள் பக்கத்து பஸ்ஸைத் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்த உதாரணத்தை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. கொடுப்பது, காத்திருப்பது, நன்றி சொல்வது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

பெரிய வகுப்பில் கடிதம் எழுதப் பழக்க வேண்டும். அங்கே அதே சொல் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரும். தங்கள் மேலான கவனத்துக்கு, தேவையான நடவடிக்கைக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபோர். கடிதத்தின் அடியில், பெரியவரின் பதவிக்கு முன்னாலும் ஒரு ஃபோர் நிற்கும். பெரியவர் இல்லாத நேரத்தில் அவருக்காக வேறொருவர் கையெழுத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். இதையும் நான்தான் படிப்பித்தேன். கரும்பலகையில் வடிவாக எழுதிக் காட்டினேன். இப்போது அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தின் மேற்கு வேலிக்கு அப்பால் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. அதை வைத்திருப்பவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருசன் இல்லை. சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த பிறகு பற்றை வெட்டி, அடிக்கட்டை கிளப்பி, யானை வராமல் வெடி கொளுத்தி, தனி மனிசியாக நின்று அந்தக் காணியைத் திருத்தினார். மாரி மழை தொடங்கியதும் அதில் உழுந்து போடுவார். வருடம் முழுக்க அவர் வயிறு அந்த ஒரு விதைப்பை நம்பித்தான் இருந்தது.

போன வருடம் புரட்டாதி மாதத்தில் ஒருநாள், பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். கையில் ஒரு நீளக் கடித உறை.

“டீச்சர், இங்கிலீசில ஒண்டு வந்திருக்கு. ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

வாசித்தேன். அந்த இரண்டு ஏக்கரும் ஆளில்லாத நிலமாம். ஆகையால் அரசாங்க ஒதுக்கீட்டுக்குள் எடுக்கப்பட்டுவிட்டதாம். இனி அதில் பயிர் செய்தால் வழக்காம். எந்த அரசாங்கக் கந்தோர் அனுப்பியது என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் யாரோ ஒருவர் வேறு யாருக்காகவோ ஒரு மறுப்புக் கடிதம் அனுப்புவார். அடியில் பணிப்பாளரின் பதவி இருந்தது. அதற்கு முன்னால் ஃபோர். மேலே புழு ஊர்ந்தது போல ஒரு கையெழுத்து.

விசயத்தைச் சொன்னேன். அக்கா அழவில்லை.

“ஆளில்லையோ? அப்ப நான் ஆர்?” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினோம். மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதற்குள் இதை மாற்றாவிட்டால் அக்கா விதைக்க முடியாது. விதைக்காவிட்டால் அடுத்த வருடம் எதைச் சாப்பிடுவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

புழுக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் கந்தோரில்தான் இருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது கிளாக்கர். மரியாதையாகத்தான் கதைத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“கையெழுத்து என்ர தான் மிஸ். ஆனா நான் டைரக்டருக்காகப் போட்டனான். எனக்கு இதில ஒண்டும் தெரியாது.”

“அப்ப டைரக்டரோட கதைக்க விடுங்கோ.”

“அவர் கொழும்பில. அவர் இந்தக் கடிதத்தைக் காணேல்லை மிஸ்.”

“போட்டவருக்கு ஒண்டும் தெரியாது. பொறுப்பானவர் காணவேயில்லை. அப்ப இதை எழுதினது ஆர், பேயோ?”

வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன். நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய தொண்டை எனக்கு, ஒலிபெருக்கி தேவையில்லை. ஒரு மனிசியின் சோற்றில் மண் போடுகிற கடுதாசியை வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்து வைப்பீர்களோ என்று கேட்டேன். கை உங்களுடையது, பேனை உங்களுடையது, பழி மட்டும் கொழும்பில் இருப்பவருக்கோ என்று கேட்டேன். கோதாரி விழுந்த கந்தோர் என்றும் சொன்னேன். படித்த மனிசி சொல்லக்கூடாத இன்னும் இரண்டு சொல்லும் சொன்னேன். பின்னால் மர வாங்கில் உட்கார்ந்திருந்த அக்கா என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்தவில்லை.

கிளாக்கரின் முகம் சிவந்துவிட்டது. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து ஒரு பைலை எடுத்து வந்து மேசையில் போட்டார்.

“சும்மா எங்களைப் பேசாதேங்கோ மிஸ். ஆளில்லை எண்டு நாங்களாச் சொல்லேல்லை. உங்கட பள்ளிக்கூடம்தான் எழுதித் தந்திருக்கு. பாருங்கோ.”

பைலை என் பக்கம் திருப்பினார். ஆங்கிலப் படிவம். பள்ளிக்கூடத்தின் நாலு பக்கமும் என்ன நிலம் என்று கேட்டிருந்தார்கள். மேற்கு என்ற இடத்தில், பற்றைக்காடு, ஆளில்லை என்று எழுதியிருந்தது. கீழே எங்கள் பள்ளிக்கூட அதிபரின் சீல். பதவிக்கு முன்னால் ஃபோர். அதற்கு மேலே இருந்த கையெழுத்து என்னுடையது.

இல்லை என்று சொல்ல வழியில்லை. முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்துப் போடுகிற கெட்ட பழக்கம் எனக்கு.

மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு கார்த்திகை மாதம் அது. அதிபர் வலயக் கல்விக் கந்தோரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். போனில் சொன்னார்: “டீச்சர், மேசையில ஒரு இங்கிலீஸ் படிவம் கிடக்கு. இண்டைக்கே போகோணும். போன முறை அனுப்பின கொப்பி பைலுக்குள்ள இருக்கு. அதைப் பார்த்து நிரப்பி, ஃபோர் போட்டு அனுப்பிவிடுங்கோ.” எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தப் படிவமும் அப்படித்தான் நிரம்பும். போன முறை என்ன எழுதினோமோ, இந்த முறையும் அதுதான். அந்தப் பழைய கொப்பி, நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த முதல் வருடத்தில் எழுதியது. அப்போது நாலு பக்கமும் பற்றைதான், சனமே வந்து சேரவில்லை. நான் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். யன்னலுக்கு வெளியே அக்காவின் உழுந்து அந்த நேரம் பூத்து நின்றிருக்கும். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பாடத்துக்கு மணி அடித்துவிட்டது.

“இது ஆற்ற கையெழுத்து மிஸ்? உங்களுக்குத் தெரியுமோ?” என்று கேட்டார் கிளாக்கர்.

“அது அதிபருக்காக…” என்று தொடங்கினேன். கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் சொன்ன அதே வசனம் என் வாயில் எவ்வளவு லேசாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு. அப்படியே நிறுத்தினேன்.

“என்ர” என்றேன்.

நான் பேசிய பேச்சில் பாதியையாவது அவர் எனக்குத் திருப்பித் தந்திருக்கலாம். பைலை மூடிவிட்டு, மாற்ற வேண்டுமென்றால் எழுத்தில் தாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார்.

“அந்தப் பைலில என்ன டீச்சர் கண்டனீங்கள்? முகம் செத்துப்போச்சு.”

சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கொப்பி, போன், அவசரம், மணி எல்லாம். சொல்லச் சொல்ல அவை சாட்டுகள் என்று எனக்கே கேட்டது. அக்கா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த வருசம் உங்கட வீட்டுத் தோசைக்கு உழுந்து என்ர காணியில இருந்துதான் வந்தது, டீச்சர்” என்றார்.

என்னை ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே கடிதம் எழுதினேன். அந்தப் படிவத்தை நிரப்பியது நான், காணியைப் பார்க்காமல் நிரப்பினேன், எழுதியது பிழை, அந்தக் காணியில் ஆள் இருக்கிறார் என்று எழுதி, என் பெயரில் கையெழுத்து வைத்தேன். அதிபரிடம் ஒரு பிரதி கொடுத்தேன்.

“உங்களுக்கென்ன விசரே? பிழை விட்டனான் எண்டு நீங்களே எழுதிக் குடுக்கிறதோ? விசாரணை வந்தா நான் பொறுப்பில்லை.”

“நீங்கள் எண்டைக்குத்தான் பொறுப்பு, சேர்” என்றேன். அதற்கு மேல் கதைத்திருந்தால் வாயில் நல்லா வந்திருக்கும்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, கவனத்தில் எடுக்கப்படும் என்று இரண்டு வரி. அடியில் ஃபோர். கையெழுத்து வேறு யாருடையதோ. சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட மனம் வந்தது. பிறகு தேவைப்படும் என்று வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்தது. அன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காத அக்கா, பள்ளிக்கூட வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு விதைக்கப் போறன். அவையள் பதில் எழுதி முடிக்குமட்டும் மழை நிண்டு பாத்துக்கொண்டிருக்காது. ஆக்கள் வந்தா உங்களைத்தான் காட்டுவன். நீங்கள் வந்து நிண்டு உங்கட வாயால சொல்லோணும். கடுதாசி குடுத்தனான் எண்டு சொல்லிக்கொண்டு உள்ளுக்க இருக்கிற வேலை வேண்டாம்.”

“ஓம் அக்கா” என்றேன்.

அவர் விதைக்கத் தொடங்கிய இரண்டாம் நாள், மூன்றாம் பாடத்தின்போது, மேற்கு வேலிக்கு அப்பால் ஒரு ஜீப் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் பைல். அக்கா விதைக் கடகத்தை இடுப்பில் வைத்தபடி நின்றார். அவர்களோடு வாதாடவில்லை. பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பி நின்றார்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சோக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

“டீச்சர், வகுப்பை விட்டிட்டு எங்க போறியள்? இதுக்குள்ள பள்ளிக்கூடத்தை இழுக்காதேங்கோ” என்று விறாந்தையில் நின்று கத்தினார் அதிபர். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை.

மைதானம் முழுக்கச் சேறு. செருப்புப் புதைந்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். வேலியில் ஆள் போக விட்டிருந்த கண்டாயத்தால் புகுந்து அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பைல் வைத்திருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கள் ஆர் அம்மா?”

“இந்தக் காணியில ஆளில்லை எண்டு எழுதினது நான்தான்” என்றேன்.