படங்குக்கு அடியில் ஒரு கால்தடம்

காலை ஆறு நாற்பதுக்கு நான் முதலில் பார்த்தது, தேயிலைக்காட்டுப் பாதையில் விரித்திருந்த ஒரு படங்கை. கொழுந்து பறிப்பவர்கள் நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பு அது. அதன் அடியில், சேற்றில், சிறுத்தையின் கால்தடம் இருந்தது.

விரித்தவர் பக்கத்து லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, அக்கா. அவர் செல்போனில் எடுத்து அனுப்பிய படத்தை மேற்பார்வையாளர் நம்பவில்லை. "நாய்க்காலா இருக்குமுங்க. தெளிவா ஒரு போட்டோ காட்டுங்க, அப்புறம் அந்தப் பக்கம் யாரையும் பறிக்க அனுப்பலீங்க" என்று போனில் சொல்லிவிட்டார். அதனால்தான் அக்கா கேமராவோடு என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"சுருக்கா எடுங்க தம்பி, மழை வருது" என்றபடி அக்கா படங்கைத் தூக்கினார்.

நான் கேமரா வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் ஆட்டோ ஃபோகஸ் எதையும் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடியது. மேனுவலுக்கு மாற்றினேன். வெறும் சேற்றில் எது தெளிவு என்று தெரியவில்லை. தடத்தின் விளிம்பில் ஒரு தேயிலையை வைத்து, திரையில் பெரிதாக்கி, அதன் நரம்புகள் துலங்கும்வரை லென்ஸ் வளையத்தைத் திருகினேன். நான்கு படம் எடுப்பதற்குள் மழை கொட்டியது. அக்கா படங்கை மறுபடி விரிப்பதற்குள் தடம் கரைந்துவிட்டது.

இலையின் ஒவ்வொரு நரம்பும் படத்தில் தெளிவாக இருந்தது. வெளிச்சத்துக்காக லென்ஸை முழுவதும் திறந்திருந்தேன். அப்படித் திறந்தால் ஒரே தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளியும்; அதனால் இலைக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்த தடம் மங்கிப்போயிருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். "எலைய நல்லாத்தான் புடிச்சிருக்கீங்க. எலையா தம்பி என்னைக் கடிக்கப் போவுது?"

எட்டு மணிக்கு அவர் அதே பாதையில் கொழுந்து பறிக்கப் போனார்.