கற்பூர வாடை அடித்த இருமல் மருந்து

ஸ்ரீவைகுண்டத்துச் சர்க்கார் மருந்துச்சாலையில் நான் கம்பவுண்டராக இருந்த காலம். மேல் பரீட்சை ஒன்று எழுதினால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற ஆசையில், பகலெல்லாம் மருந்து கலக்கிவிட்டு இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிநேரம் தூங்கினால் அதிகம். இப்படி ஒன்றரை மாதம் ஓடியது. கண் எரியும், எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சோறு உள்ளே இறங்காது. என் மனைவி விளக்கை அணைக்கச் சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள்.

ஒரு நாள் உச்சிவெயிலில், வாழைத்தோட்டத்தில் கூலிவேலை செய்யும் பெண்ணொருத்தி இரண்டு மைல் நடந்து திரும்பி வந்தாள். அன்று காலையில்தான் அவள் மகளுக்கு இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தேன். குப்பியை மேஜைமேல் வைத்தாள்.

"அய்யா, போன தடவ தந்தது தித்திப்பா இருந்துச்சி. இது மேலுக்குத் தேய்க்கிற மருந்து வாடை அடிக்கி. பிள்ளைக்குக் குடுக்க மனசு வரல."

திறந்து முகர்ந்தேன். கற்பூரத் தைலம்; குழந்தை வயிற்றுக்குள் போனால் விஷம். சீட்டில் என் கையெழுத்தில் 'உள்ளுக்கு' என்று இருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சீட்டை நம்பிக் கொடுத்திருப்பாள். அதே காலையில் முழங்கால் வலிக்கு வந்த கிழவருக்கு இருமல் மருந்து போயிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டதிலிருந்து காலில் ஈ மொய்க்கிறது என்று அவர் மறுநாள் வந்து சொன்னார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

விஷயம் தெரிந்தும் டாக்டர் கோபிக்கவில்லை. இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறேன் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். விரல்கள் நடுங்கின.

"அலமாரிச் சாவியைக் குடும். பத்து நாளு தூங்கிட்டு வாரும். இந்தக் கையோட நீரு மருந்து தொடக்கூடாது வே."

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வரவில்லை. மூன்று நாள் அப்படியே போயிற்று. கண்ணை மூடினால் அந்தக் குப்பிதான் தெரியும். அன்று கூட வந்திருந்த அந்தக் குழந்தையின் முகத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான்காம் நாள் ஆற்றில் குளித்துவிட்டு வந்து சாய்ந்தவன், மறுநாள் வெயில் ஏறியபின்தான் எழுந்தேன். அதன்பின் தினமும் ஒன்பது மணிக்கு மனைவியே விளக்கை அணைத்தாள். கண் எரிச்சல் போயிற்று, பசி வந்தது, கைநடுக்கம் நிற்க மட்டும் மாதக்கணக்காயிற்று. அது நின்ற பிறகுதான் டாக்டர் அலமாரிச் சாவியைத் திருப்பித் தந்தார்.

பரீட்சையை அந்த வருஷம் எழுதவில்லை. பிறகு எழுதி, இரண்டாம் தடவை தேறினேன். நான் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த வரை, அந்தப் பெண் மருந்துக்கு வரும்போதெல்லாம் என் முன்னாலேயே குப்பியை முகர்ந்து பார்ப்பாள். அவள் பார்த்து முடிக்கும் வரை நான் காத்திருப்பேன்.