ஏற்றத்தில் நிற்க வேண்டிய வண்டி

என் வீட்டுக்காரருக்கு எங்கள் பக்கத்தில் 'ஒருதடவை' என்று பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போவார். "ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தது நான்தான் என்றாலும் அதையும் ஒரு தடவை பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துபோய் வண்டியில் கட்டிய கயிற்றைச் சோதித்துவிட்டு வந்து, ஆறிப்போனதைச் சாப்பிடுவார். கண்ணாடிக் கடைக்காரர்கள் அவர் தலை தெரிந்ததுமே சிரிப்பார்கள். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் பிறகு அதைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் அல்லவா?

இப்படிப்பட்ட மனிதர் பார்க்கிற தொழில் என்ன என்றால், ஜன்னல் கண்ணாடியும் கடை முகப்புக் கண்ணாடியும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது. உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க இதைப் போய்ப் பிடித்தாரே என்று கல்யாணமான புதிதில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, கண்ணாடிக்கு இவரை விட்டால் ஆள் கிடையாது. பள்ளம் வருவதற்கு முன்பே இவருக்குப் பல் கூசும்.

வண்டி பழைய பிக்கப். எங்களிடம் வருவதற்குள் பல கை மாறியிருந்தது. பின்தட்டில் கூரை மாதிரி சாய்ந்த ஒரு மரச்சட்டம், அதில் ரப்பர் பட்டை. கண்ணாடிகளை அதன் இரண்டு பக்கமும் சாய்த்து நிறுத்திக் கட்டுவோம். கண்ணாடி பார்க்கத்தான் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், தூக்கினால் தெரியும். கூட வந்துகொண்டிருந்த ஆள் வேறு வேலைக்குப் போனதும், மறுமுனையை நான் பிடித்தேன். வேறு ஆள் வைக்கலாம்தான். ஆனால் வேறொருவன் கையை நம்பி இவர் தூங்குவாரா?

வேலையில் எனக்கு இன்னொரு பங்கும் இருந்தது. ஏற்றத்தில் எங்கள் வண்டி பாரத்தோடு நின்றுவிட்டால் பிரேக் முழுசாகப் பிடிக்காது, மெல்லப் பின்னால் நழுவும். அதனால் வண்டி வேகம் குறைந்ததுமே நான் ஒரு மரக்கட்டையோடு குதித்து, பின்னாலேயே நடப்பேன். நின்றதும் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளுவேன். அவர் மறுபடி கிளப்புவார். நான் கட்டையை உதைத்து எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். 'பெண்டாட்டியை நடக்கவிட்டுக் கண்ணாடியை வண்டியில் கூட்டிப்போகிறவர்' என்று கேலி பேசுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி மேட்டில் போகும்போது முன்னால் போன பஸ் நின்றது. கட்டையைத் தள்ளினேன், ஈரத்தில் வழுக்கியது. வண்டி கட்டையையும் தள்ளிக்கொண்டு என் மேல் வந்தது. ஓரத்துக் கால்வாயில் குதித்தேன். வண்டி நடைபாதை விளிம்பில் முட்டி நின்றது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. என் செருப்பில் ஒன்று மட்டும் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்தது. "செருப்போட போச்சு" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சேற்றில் உட்கார்ந்து என் இரண்டு பாதங்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவருக்குக் கண்ணாடியைப் பற்றிய கவலை குறைந்து என்னைப் பற்றிய கவலை கூடிவிட்டது. கொடுத்துவைத்தவள் என்று நினைப்பீர்கள். அனுபவித்துப் பார்த்தால் தெரியும். மேடு இருக்கிற தெருவே வேண்டாம் என்று ஊரைச் சுற்றினார். தூக்கத்தில் என் காலைத் தேடுவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மலைமேல் கட்டுகிற விடுதிக்குக் கண்ணாடி ஏற்றும் வேலை வந்தது. அறைக்கு அறை, சுவருக்குச் சுவர் கண்ணாடி. மாதக்கணக்கில் வேலை இருக்கும், ஆனால் ஒவ்வொரு நடையும் மலை ஏற வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

"வண்டியைச் சரிபண்ணிட்டுத்தான் போவேன். நீ பின்னாடி இறங்கவே கூடாது. அந்த மாதிரி பண்ணணும்" என்றார். கையில் இருந்த பணத்துக்கு வண்டியில் ஒரு பெரிய வேலைதான் பார்க்க முடியும். எந்த வேலை என்பதுதான் கேள்வி. ஒருதடவைக்காரரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தம்பி வந்தான். வண்டிகளுக்கு ஹாரனும் விளக்கும் ஸ்டிக்கரும் மாட்டுகிற கடை வைத்திருக்கிறான்.

"மாமா, டர்போ ஒண்ணு மாட்டிடுங்க. மூச்சு வாங்கற வண்டி பறக்கும். நிக்கவே நிக்காது. நிக்கலேன்னா கட்டை எதுக்கு? அக்கா உள்ள உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கிட்டே வரலாம்."

"முன்னாடி போறவன் நின்னா?"

"ஹாரன் அடிங்க. அதையும் நானே மாட்டித் தரேன். கையோட சைலன்சரையும் பெருசாக்கிடலாம்."

"சத்தம் எதுக்குடா?"

"சத்தம் இருந்தாத்தானே மாமா, பவர் இருக்கறது வெளியில தெரியும்."

மெக்கானிக், டர்போ என்றதும் கையை உதறினார். "உங்க பழைய இன்ஜின் அதைத் தாங்காதுண்ணே. ரேடியேட்டர் கொதிக்கும், கிளட்ச் வழுக்கும். மொதல்ல இன்ஜினை இறக்கிப் பார்த்துடலாம்." அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், ஹாரன் அடிக்கவில்லை என்று போனாலும் இன்ஜினை இறக்கிப் பார்க்கலாம் என்கிறவர் அவர். டயர் கடைக்காரர் எல்லாம் டயரில்தான் இருக்கிறது என்றார். வேறு என்ன சொல்வார்?

நான் தம்பி கட்சி. ஒளிப்பானேன், ஏற்றத்தில் எங்களை ஆட்டோகூட முந்திப் போகும். போகிறவன் திரும்பி ஒரு பார்வை வேறு பார்ப்பான். ஒரு நாளாவது யாரையாவது முந்திவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "டர்போதான்" என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவர் ம் கொட்டினார். காலையில் டர்போ, மத்தியானம் டயர், சாயங்காலம் இன்ஜின் என்று அவர் மனசு மாறிக்கொண்டே இருந்தது. பல் தேய்க்கும்போதுகூட "கிளட்சை மறந்துட்டோமே" என்பார். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசியில் தம்பியே வழி சொன்னான். அவனுக்குத் தெரிந்த ஒருவர் இதே மாதிரி பழைய பிக்கப்பில் டர்போ மாட்டி, மலைக்குச் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறார். "ஒரு நடை கூடப் போய்ப் பாருங்க மாமா." போனார். திரும்பி வந்தவர் முகம் வெளிறியிருந்தது.

"ஏறலையா?" என்றேன்.

"ஏறிச்சு. சும்மா சொல்லக்கூடாது, நம்ம வண்டி அழற இடத்துல எல்லாம் அது சிரிச்சுக்கிட்டே ஏறிச்சு."

"அப்புறம் என்ன?"

"வளைவுல எதிர்ல ஒரு லாரி வந்துச்சு. நிறுத்தினாரு. நிறுத்தினதும் பக்கத்துல உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து, கட்டையை எடுத்துட்டு இறங்குடான்னாரு." தண்ணீரை எடுத்தவர் குடிக்காமல் கீழே வைத்தார். "எல்லாரும் ஓடற வண்டிக்கே வைத்தியம் சொல்றாங்க. எனக்கு நிக்கிற வண்டிகிட்டதான் பயம். பிரேக்தான் மாத்தப் போறேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏறவே முக்கற வண்டிக்குப் பிரேக் எதுக்கு? மறுபடியும் ஆமை மாதிரிதானே போகணும்?"

"மெதுவாப் போனா யாரும் சாகமாட்டாங்க" என்றார். அவர் ஒரு விஷயத்தை ஒரே தடவையில் முடித்தது என் நினைவில் அதுதான் முதல்.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்னால் புது லைனிங், காலோடு சேர்ந்து அழுத்திக் கொடுக்கிற பூஸ்டர், புது ஹேண்ட்பிரேக் கேபிள். ஏற்றத்தில் கிளப்பும்போது வழுக்கக்கூடாது என்று கிளட்ச் தட்டு. ரேடியேட்டரைக் கழுவியதோடு சரி. இன்ஜினை இறக்க விடவில்லை என்று மெக்கானிக்குக் கடைசிவரை வருத்தம். பட்டறையை விட்டு வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் பழைய பிரேக்கை மிதிக்கிற பலத்தோடு ஒரு மிதி மிதித்தார். வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. நான் நெற்றியை இடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மணல் மூட்டை ஏற்றி, ஆஸ்பத்திரி மேட்டில் நிறுத்தியும் கிளப்பியும் காலைப் பழக்கினார். நான் ஓரச்சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வண்டி நின்றது, நன்றாகவே நின்றது. ஆனால் சுவரில் உட்கார்ந்து பார்ப்பது வேறு.

"இனிமே நீ இறங்கக்கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னுட்டேன்ல?" என்றேன். ஆனாலும் மலைக்குக் கிளம்புகிற அன்றைக்குக் கட்டையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டேன். பார்த்தார், வண்டியைக் கிளப்பினார்.

சட்டம் நிறையக் கண்ணாடி. பாதி மலை வரைக்கும் ஆமை நடைதான். எல்லாரும் எங்களை முந்தினார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, செங்குத்தான இடத்தில், முன்னால் போன ஜல்லி லாரி திணறி நின்றது. அவரும் நிறுத்தினார். வண்டி நின்றதா நழுவியதா என்று நான் பார்க்கவே இல்லை. என் கை கதவைத் திறந்தது, கால் கீழே குதித்தது. எனக்கு நினைவு வந்தபோது நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், கட்டை சக்கரத்தடியில் இருந்தது.

லாரி உறுமிக்கொண்டு மேலே போனது. வழி திறந்தது. எங்கள் வண்டி அசையவில்லை.

"ஏறு" என்றார், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.

"நீங்க எடுங்க. நான் கட்டையை எடுத்துட்டுப் பின்னாலயே வரேன்."

"நீ அங்க நிக்கறவரைக்கும் எடுக்கமாட்டேன்."

"எப்பவும் எடுப்பீங்களே!"

"எப்பவும் எடுத்ததெல்லாம் போதும்."

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் காதைக் கிழித்தது. ஒரு கார்க்காரர் இறங்கி வந்து, "ஏம்மா, குடும்பச் சண்டையை வீட்ல வெச்சுக்கக்கூடாதா?" என்றார். "நீங்க சும்மா இருங்க சார்" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். மனிதர் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

என்னால் நகர முடியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் கட்டையை விட்டு வந்தால் வண்டி கண்ணாடியோடும் அவரோடும் பள்ளத்தில் போய்விடும் என்று ஏதோ ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. அப்போது அவர் ஹேண்ட்பிரேக்கை இழுக்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து இரண்டு கால்களையும் வெளியே தொங்கவிட்டார்.

"பாரு. பெடல்ல காலே இல்ல."

"ஐயோ, உள்ள வைங்க! கட்டை இருக்கறதால நிக்குது!"

"அப்ப கட்டையை எடுத்துப் பாரு. பக்கவாட்டுல நின்னு எடு."

பாரம் ஏறிய சக்கரத்தடியிலிருந்து கட்டையைச் சும்மா எடுக்க முடியாது. வண்டியின் கனம் முழுவதும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். குதிகாலால் நாலு உதை விட வேண்டும். ஓரமாகக் குனிந்து, கையை மட்டும் நீட்டி இழுத்தேன். தரையில் கிடக்கிற விறகை எடுப்பதுபோல் கட்டை கையோடு வந்துவிட்டது. சக்கரம் அதைத் தொட்டுக்கொண்டுகூட இருக்கவில்லை.

கட்டையைப் பாறை ஓரமாகப் போட்டுவிட்டு வந்து ஏறினேன். கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியே நிற்கும்போது பார்க்கச் சக்கரம் இருந்தது, பிடிக்கக் கட்டை இருந்தது, ஓட வழி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இருக்கையும் நானும்தான். அவர் ஹேண்ட்பிரேக்கை விட்டபோது வண்டியின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது, "அம்மா!" என்று கத்தியேவிட்டேன். வண்டி மேலே ஏறியது. கால்வாயில் விழுந்த அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. அன்று செய்வதற்கு எனக்கு ஏதோ ஒன்று இருந்தது. இந்தப் பயத்தை இவர் இந்த இருக்கையில் வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் வண்டி ஓட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே போய்க் கண்ணாடிகளை இறக்கினோம், அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. ஒன்றும் உடையவில்லை. இறங்கி வரும்போது வெறும் சட்டம் பின்னால் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. நான் பேசாமல் வந்தால் அவருக்கு அதுவும் ஒரு கவலை. திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, நான் பின்னாடி நிக்கும்போது இத்தனை வருஷமா எப்படித்தான் இங்க உட்கார்ந்திருந்தீங்க?" என்றேன்.

"எங்க உட்கார்ந்தேன்?" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒவ்வொரு தடவையும் சீட்டை விட்டு எழுந்து, ரெண்டு காலையும் பிரேக் மேல வெச்சு நின்னுக்கிட்டுல்ல இருந்தேன்."