சின்னவனின் கால்

நடந்ததை வரிசையாக எழுதினால் இவ்வளவுதான்:

1. வாத்து மேய்ப்பவர் ஒருவர், கால் ஒடிந்த குஞ்சு ஒன்றை என் அம்மாவிடம் கொடுத்தார்.
2. நான் அதன் காலுக்குக் கட்டுப் போட்டேன். எலும்பு கூடியது.
3. அது நடந்தது.
4. அடுத்த அறுவடை முடிந்ததும் நடந்தே போய்விட்டது.

இந்த வரிசையில் அடங்காதவற்றையும் எழுத வேண்டும்.

திருத்தணியில் எங்கள் வீட்டுப் பின்வேலியைத் தாண்டினால் வயல். அறுவடை முடிந்ததும் நெல்லூர்ப் பக்கத்து ஆட்கள் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்றபடி அந்தக் கூட்டம் வயல் வயலாக நகரும். நடக்க முடியாத வாத்துக்கு அதில் இடம் கிடையாது.

அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, நான், தம்பி. அரக்கோணத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது தம்பி எங்களிடம் சொல்லாமல் போய்ச் சேர்ந்தான். பர்மாவில் காணாமல் போனான் என்று தந்தி வந்தது. இறந்துவிட்டான் என்று வரவில்லை. அதன் பிறகு அம்மா பேசுவதை நிறுத்திக்கொண்டார். எதைக் கேட்டாலும் "ஆங்". நான் வேலூரில் நர்ஸ் படிப்பை முடித்து, ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். பேச்சை நிறுத்திவிட்டவர்களுக்கு என்ன செய்வது என்பது எங்கள் பாடத்தில் இல்லை.

அந்த மாசியில் மேய்ப்பவர் ஒருவர் தண்ணீர் கேட்டுப் பின்பக்கம் வந்தார். கையில் ஒரு குஞ்சு தொங்கியது. அம்மாவை, தாயே என்பதுபோல, தெலுங்கில் "தல்லி" என்று கூப்பிட்டார்.

"மாடு மெதிச்சிடுச்சி தல்லி. இது இனிமே நடக்காது. சாயந்தரம் சட்டிக்குத்தான்."

அம்மா சொம்பைக் கொடுத்துவிட்டு, குஞ்சுக்காகக் கையை நீட்டினார்.

மூங்கில் சிம்பு இரண்டைச் சீவி, பஞ்சு வைத்து, அம்மையார்குப்பத்துத் தறியில் நெய்த பழைய சேலை ஒன்றின் கரையைக் கிழித்துக் கட்டினேன். யுத்த காலம். ஆஸ்பத்திரியிலேயே கட்டுத்துணிக்குப் பஞ்சம். குஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, "மெதுவா கட்டுடி, அதுக்கு வலிக்குது பாரு" என்றார். தந்திக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

குஞ்சு வளர்ந்து ஆண் வாத்தானது. வாலில் இறகு சுருண்டது. குரல் கம்மியது. அம்மா அதற்குத் தவிடு பிசைந்து வைத்து, "சின்னவனே" என்று கூப்பிடுவார். தம்பியை அப்படித்தான் கூப்பிடுவார்.

பக்கத்து வீட்டு சைக்கிள் கடைக்காரரின் மனைவி ஒருநாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னாக்கா, மருமவனுக்குக்கூட யாரும் இப்டி பெசஞ்சி வெக்க மாட்டாங்க."

"மருமவன் மொதல்ல வரட்டும்மே."

"வர்றவன் ஓடாம இருக்கணுமே. அதுக்கென்ன, ஒம் பொண்ணுதான் கால் கட்றதுல கெட்டிக்காரியாச்சே."

அம்மா சிரித்தார். நான் உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இனி அம்மா பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

அடுத்த அறுவடை முடிந்தது. கூட்டத்தின் சத்தம் தூரத்தில் கேட்டதுமே எங்கள் வாத்து தின்பதை நிறுத்திவிட்டது. வேலியோரம் நின்று கம்மிய குரலில் பதில் கொடுத்துக்கொண்டிருந்தது. மதியம் பார்த்தால் வேலியில் ஒரு ஓட்டை. வாத்து இல்லை.

அம்மா வயலில் இறங்கி "சின்னவனே, சின்னவனே" என்று கூப்பிட்டார். எல்லா வாத்துகளும் விலகி ஓடின. நான் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். கூடிய எலும்பில் ஒரு சிறு புடைப்பு, வெளிப்பக்கம் திரும்பிய விரல். கண்டுபிடித்துத் தூக்கி வந்தேன்.

அம்மா அதைக் கயிற்றால் முருங்கை மரத்தில் கட்டினார். அது தவிட்டைத் தொடவில்லை. கயிறு இழுக்கும் மட்டும் போவதும், விழுவதும், எழுவதுமாக இருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதானேடி அந்தக் கால சரி பண்ண?"

"ஆமாம்மா."

"மின்ன மாதிரியே ஆக்கிடு."

"என்னம்மா சொல்ற?"

"நடக்காம இருந்தப்ப எங்கியும் போவலியே."

"என்னால முடியாதும்மா."

"ஆங்" என்றார்.

மறுநாள் காலை அதன் காலில் கயிறு அறுத்த இடத்தில் தோல் உரிந்து ரத்தம் தெரிந்தது. மருந்துப் பெட்டியை எடுத்து வந்தேன். அம்மா என்னைக் கூப்பிடாமல் தானே முடிச்சை அவிழ்த்து, அதைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார். நான் பின்னால் போனேன். இறக்கிவிட்டதும் அது கூட்டத்துக்குள் நுழைந்தது. கொஞ்ச தூரம் வரை காலை வைத்து அடையாளம் கண்டேன். பிறகு எனக்கும் தெரியவில்லை.

அதே மேய்ப்பவர்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தவர் தன் கூடையைத் திறந்தார். "நடக்காதது இன்னொண்ணு கீது தல்லி. எடுத்துகினு போறியா?"

அம்மா அதை முந்தானையில் வாங்கிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். போன தடவையைவிட நல்ல முறிவு. தோல் கிழியவில்லை, எலும்பு நொறுங்கவில்லை. உடனே கட்டினால் நேராகக் கூடிவிடும். கையை நீட்டினேன்.

"இத நீ தொடாத" என்றார் அம்மா.

யுத்தம் முடிந்துவிட்டது. தம்பியைப் பற்றிச் செய்தி இல்லை. வாத்துக் கூட்டம் பள்ளிப்பட்டுப் பக்கம் போய்விட்டது. குஞ்சு வளர்ந்துவிட்டது. அதன் கால் கோணலாகவே கூடிவிட்டது, இனி நான் கட்டியும் பயனில்லை. அம்மா "சின்னவனே" என்று கூப்பிட்டால் மார்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு வருகிறது. அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டாரோடு பேசுகிறார். என்னோடும் பேசுகிறார், வாத்தைப் பற்றித் தவிர. வேலியில் இருக்கும் ஓட்டையை நாங்கள் இன்னும் அடைக்கவில்லை. இந்த வாத்து அவ்வளவு தூரம் போகாது.